நான்காம் மாதத்துக் கணக்கு

எடை குறைய இரைப்பை அறுவை செய்துகொண்டவருக்கு முதல் மூன்று மாதமும் நல்ல சேதிதான். சர்க்கரை மாத்திரை பாதியாகும். மாடி ஏறினால் மூச்சு வாங்காது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டிவரும். தெருவில் பார்ப்பவர்கள் நின்று விசாரிப்பார்கள். இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது நான்காம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் பார்த்தால், குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையை முடி அடைத்துக்கொண்டிருக்கும். சீப்பில் சுருள் சுருளாக வரும். தலையணையில், துண்டில், சாப்பாட்டுத் தட்டில்கூட முடி.

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில், நெய்வேலி நகரியத்தை ஒட்டியிருக்கிறது வடக்குத்து. இங்கே ஒரு பெண் இந்த நிலைமையைச் சொன்னால் முதலில் மாட்டிக்கொள்வது தண்ணீர். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நீர் புகாமலிருக்க ஆண்டு முழுக்க நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருக்கும் பகுதி இது. தண்ணீர்ப் பேச்சு இங்கே ஓய்வதில்லை. “போர் தண்ணியில குளிக்காதக்கா” என்பார் பக்கத்து வீட்டுப் பெண். “ஷாம்பை மாத்து” என்பார் இன்னொருவர். “கத்தி வெச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்பார் மாமியார். திருஷ்டி கழிக்கச் சொல்பவர்களும் உண்டு.

இவற்றில் எதுவும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஏன் நான்காம் மாதம்? அறுவை நடந்த வாரத்தில் கொட்டவில்லை. கஞ்சித் தண்ணியும் மோருமாக ஓட்டிய முதல் மாதத்தில் கொட்டவில்லை. ஓரளவு சாப்பிடத் தொடங்கி, உடம்பு தேறிவிட்டது என்று நம்பிக்கை வரும் நேரத்தில் ஏன் கொட்டுகிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் காரணம், மருந்து, பயம் மூன்றுமே தெளிந்துவிடும்.

குழந்தை முகம் பார்க்கும் மாதம்

‘குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. குழந்தையின் சிரிப்புக்கும் தாயின் கூந்தலுக்கும் தொடர்பில்லை. ஆனால் மாதக் கணக்கை அவர்கள் தவறாகப் பார்க்கவில்லை. குழந்தை ஆறேழு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறது; மூன்றாம் மாதம் தாயை நன்றாக அடையாளம் தெரிந்துகொள்கிறது. பிரசவித்த பெண்ணுக்கு முடி கொட்டத் தொடங்குவதும் அந்த வாக்கில்தான்.

டைபாய்டில் படுத்து எழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். டெங்கு வந்தவர்கள் சொல்வார்கள். 2020, 2021ல் கொரோனா வந்து குணமானவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தோல் மருத்துவரிடம் வரிசையில் நின்றார்கள். காய்ச்சல் வேறு, பிரசவம் வேறு, இரைப்பை அறுவை வேறு. இடைவெளி மட்டும் மாறவில்லை.

காரணம் எதுவானாலும் தலைமுடி ஒரே விதமாகத்தான் பதில் சொல்கிறது என்பதை 1961ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் விளக்கி எழுதினார். அந்த உதிர்வுக்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயரிட்டார். நாம் இதை ஓய்வுப்பருவ உதிர்வு என்று அழைப்போம்.

மயிர்க்காலின் மூன்று பருவங்கள்

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் தோலுக்குள் ஒரு சிறு குழியிலிருந்து முளைக்கிறது, அதுதான் மயிர்க்கால். ஒரு மயிர்க்கால் வாழ்நாள் முழுக்க முடியைத் தள்ளிக்கொண்டே இருப்பதில்லை. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வேலை செய்யும்; இது வளர்பருவம். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேலையைச் சுருக்கிக்கொள்ளும், இது ஒடுங்குபருவம். அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் சும்மா இருக்கும், இது ஓய்வுப்பருவம்.

கவனிக்க வேண்டிய செய்தி ஓய்வுப்பருவத்தில் இருக்கிறது. வேலை நின்ற அன்றே முடி விழுவதில்லை. வளராத முடி, மூன்று மாதம் குழியில் செருகியபடி நிற்கிறது. எண்ணெய் தேய்க்கலாம், பின்னலாம், பூ வைக்கலாம். பார்க்கிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. ஓய்வு முடிந்து மயிர்க்கால் அடுத்த சுற்றுக்குத் தயாராகும்போதுதான் பழைய முடி கழன்று விழுகிறது.

ஆக, இன்று சீப்பில் வந்த முடியின் வளர்ச்சி நின்றது இன்றல்ல, மூன்று மாதத்துக்கு முன்பு. வைகாசியில் கொட்டும் முடிக்குக் காரணத்தை மாசியில் தேட வேண்டும்.

வெள்ளைப் புள்ளி வேர் அல்ல

“வேரோட வருது டாக்டர்” என்பதுதான் இந்தப் பெண்களின் பெரும் பயம். விழுந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு நுனியில் கடுகைவிடச் சிறியதாக வெள்ளைப் புள்ளி தெரியும். அதை வேர் என்று நினைத்து, இனி அந்த இடத்தில் முளைக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அது வேர் அல்ல. ஓய்வுக்குப் போன முடியின் அடிநுனி இறுகி உருண்டுபோனால் அப்படித்தான் இருக்கும். முடியை உண்டாக்கும் பாகம் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பழனிக்கோ சமயபுரத்துக்கோ போய் மொட்டை போட்டவர்களுக்கு மறுபடி முடி வருவதும் அந்தப் பாகம் தொடப்படாமல் இருப்பதால்தான்.

அந்த வெள்ளைப் புள்ளி தண்ணீரின் மேலுள்ள சந்தேகத்தையும் தீர்க்கும். உப்புத் தண்ணீரால் முடி சொரசொரப்பாகலாம், சிக்கு விழலாம், நடுவில் ஒடியலாம். ஒடிந்த முடியின் இரு நுனியிலும் புள்ளி இருக்காது. பத்து முடியை எடுத்துப் பார்த்து எல்லாவற்றிலும் புள்ளி இருந்தால், அவை ஒடிந்தவை அல்ல, ஓய்வு முடிந்து கழன்றவை. அதே தண்ணீரில் குளிக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கொட்டவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் போர் தண்ணீரை விடுதலை செய்துவிடலாம்.

ஒரு தலையின் கணக்கு

வடக்குத்தில் 38 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எடை 110 கிலோ. சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. வடலூர்த் தைப்பூச ஜோதியைப் பார்த்துவிட்டு, அந்த வாரமே ஸ்லீவ் என்று சொல்லும் அறுவையைச் செய்துகொள்கிறார். இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழாய்போல் ஆகிறது. சிறு தம்ளர் அளவு உள்ளே போனாலே வயிறு நிறைந்துவிடும்.

அறுவைக்கு முன் அவர் தலை எப்படி இருந்தது? ஒரு லட்சம் முடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10,000, ஓய்வில். ஓய்வு ஏறத்தாழ 100 நாள். அப்படியானால் நாளொன்றுக்கு 100 முடி விழ வேண்டும். விழுந்தது, அவர் கவனித்ததே இல்லை. ஆரோக்கியமான எவருக்கும் நாளுக்கு 50 முதல் 100 முடி விழும்.

தையிலும் மாசியிலும் அவர் உடம்புக்குள் போன உணவு நாளுக்கு 500, 600 கலோரிதான். வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் 20,000 தங்கள் முறை வருவதற்கு முன்பே ஓய்வுக்குப் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். அப்போது எதுவும் தெரியவில்லை. சித்திரை கடைசியில் அவை கழலத் தொடங்குகின்றன. 100 நாளில் 20,000 என்றால் நாளுக்கு 200 கூடுதல். வழக்கமான நூறையும் சேர்த்தால் 300.

முந்நூறு முடி எவ்வளவு இருக்கும்? ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் என்றால் நீட்டி வைத்தால் 180 மீட்டர். சீப்பைக் கண்டாலே பயந்து, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தலையைத் தொட்டால் ஏழு நாள் முடி ஒன்றாக வரும்: 2,100 முடி, ஒன்றேகால் கிலோமீட்டர். அந்தக் கொத்தைக் கையில் எடுத்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். கொட்டுகிறதே என்று தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடுபவர்கள் செய்வது இதுதான். உதிர்வு குறைவதில்லை, ஒரே நாளில் பார்க்கும் கொத்து பெரிதாகிறது.

இப்போது பின்னலைப் பார்ப்போம். ஒரு லட்சத்தில் 20,000 போனால் எண்ணிக்கையில் ஐந்தில் ஒன்று குறைந்திருக்கிறது. பின்னலின் சுற்றளவோ ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் குறையும். கையில் வந்த கொத்துக்கும் தலையில் மீந்திருப்பதற்கும் உள்ள இந்த இடைவெளி பெரிய ஆறுதல். ஓய்வுப்பருவ உதிர்வில் தலை முழுவதும் மெலியும், வகிடு அகலமாகத் தெரியும், வழுக்கை விழுவதில்லை.

ஆனி, ஆடியில் உச்சம். ஆவணியில் தணிகிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். முதலில் விழுந்தவற்றின் இடத்தில் முளைத்தவை அடுத்த தைப்பூசத்துக்குள் 9 சென்டிமீட்டர் இருக்கும். கடைசியில் விழுந்தவற்றின் இடத்தில் 6. பின்னலில் அடங்காமல் நெற்றியோரம் நிமிர்ந்து நிற்கும் இந்தக் குட்டை முடியைப் பார்த்து, முடி உடைகிறது என்று சிலர் கலங்குகிறார்கள். நுனி மெலிந்து கூராக இருந்தால் அது புது முடி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடுப்புவரை 60 சென்டிமீட்டர் கூந்தல் வைத்திருந்தவருக்கு, விழுந்த அந்த 20,000 முடியின் இடத்தில் முளைப்பவை அதே நீளத்தை எட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும். அடர்த்தி ஓராண்டில் திரும்பத் தொடங்கும். நீளத்துக்குப் பொறுமை வேண்டும்.

உடம்பு முடியை ஏன் விடுகிறது

முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். மயிர்க்காலின் அடியில் இருக்கும் செல்கள் நம் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகும் செல்களில் அடங்குபவை. வேகமாகப் பெருகினால் புரதம், இரும்பு, துத்தநாகம், ஆற்றல் எல்லாம் ஓயாமல் வேண்டும்.

மின்சாரம் போதாதபோது என்ன செய்வார்கள் என்பதை, மின்சாரம் தயாரிக்கும் நெய்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: உற்பத்தி குறைந்தால் ஆஸ்பத்திரி லைனை விட்டுவிட்டு மற்ற லைன்களில் நிறுத்துவார்கள். உணவு சட்டென்று குறைந்ததும் உடம்பும் இதயம், மூளை, ஈரல், ஆறவேண்டிய தையல் ஆகியவற்றுக்கு முதலில் கொடுக்கிறது. முடி இல்லாவிட்டாலும் உயிர் போகாது. ஆகவே அதன் பங்கு நிற்கிறது.

இது எத்தனை பேருக்கு நேர்கிறது? பல ஆய்வுகளைத் தொகுத்து 2021ல் வெளியான மதிப்பீட்டின்படி, எடைகுறைப்பு அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு. இளவயதுப் பெண்களுக்கு அதிகம். உதிர்வு வந்தவர்களின் ரத்தத்தில் துத்தநாகம், ஃபோலிக் அமிலம், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவை குறைவாக இருந்தன. ஆண்களுக்கும் வருகிறது, கிராப்பு வைத்த தலையில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

மாமியார் சொன்ன கத்தியைப் பற்றியும் பேசிவிடலாம். மயக்க மருந்தும் அறுவையும் உடம்புக்கு ஓர் அதிர்ச்சி என்பது உண்மை. ஆனால் கத்தியே படாமல் ஊசி போட்டு எடை குறைப்பவர்களுக்கும் முடி கொட்டுகிறது. 2025ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த செமக்ளூட்டைட் எடைகுறைப்பு ஊசியின் சோதனைகளில், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 3 பேரும், வெற்று ஊசி பெற்றவர்களில் ஒருவரும் முடி உதிர்வதாகச் சொன்னார்கள். கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று இரண்டு மாதம் பட்டினி கிடக்கும் பெண்ணுக்கும் இதே கதைதான். எடை இறங்கும் வேகமும் தட்டில் குறையும் புரதமும் கத்தியைவிடப் பெரிய காரணங்கள்.

எண்ணெய் பலித்த கதை

ஒருவருக்கு நான்காம் மாதம் கொட்டத் தொடங்குகிறது. ஐந்தாம் மாதம் கடைத்தெருவில் ஒரு மூலிகை எண்ணெய் வாங்குகிறார். ஏழெட்டு மாதத்தில் உதிர்வு நிற்கிறது. எண்ணெய்க்குப் பேர். அவர் பத்துப் பேருக்குச் சொல்கிறார், பத்துப் பேரும் வாங்குகிறார்கள், அவர்களுக்கும் நிற்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. எதுவும் தடவாமல் இருந்திருந்தாலும் அந்த மாதத்தில் நின்றிருக்கும் என்பதை அறிய வழியில்லாததுதான் சிக்கல்.

மூன்று மாத இடைவெளி உள்ள ஒரு நிகழ்வில் எந்த மருந்தையும் வாரக் கணக்கில் எடைபோட முடியாது. இன்று சாப்பிடும் முட்டையின் பலன்கூட நாளைய சீப்பில் தெரியாது. இரண்டு வாரம் புரதமாவு குடித்துப் பார்த்து, ‘ஒண்ணும் நிக்கல’ என்று நிறுத்துபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்கள் நிறுத்துவது அடுத்த மூன்று மாதத்துக்கான முடியின் உணவை.

செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி காய்ச்சிய தேங்காயெண்ணெயைத் தலையில் தேய்ப்பதில் தீங்கில்லை. முடித்தண்டு வழுவழுப்பாக இருக்கும், சிக்கு குறையும். ஓய்வுக்குப் போன மயிர்க்காலை அது எழுப்பாது.

தட்டில் முதல் வாய்

இரைப்பை சுருங்கியவர் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் சாப்பிட வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. நம் ஊர்ப் பத்தியச் சாப்பாட்டில் அது வருமா? காலையில் இரண்டு இட்லி, 4 கிராம். மதியம் ஒரு கிண்ணம் ரசம் சாதம், 3. மாலை டீயும் இரண்டு பிஸ்கட்டும், 2. இரவு இடியாப்பமும் கொஞ்சம் பாலும், 5. மொத்தம் 14. வயிறு நிறைந்துவிட்டது, புரதம் கால்வாசிகூட வரவில்லை. அறுவைக்குப் பிறகு வயிறு ‘போதும்’ என்று சொல்வதை நம்ப முடியாது. அது அளவைச் சொல்கிறது, சத்தைச் சொல்லவில்லை.

அதே அளவுக்குள் வேறு தட்டைப் போட்டுப் பார்க்கலாம். காலையில் ஒரு முட்டை, 6 கிராம். பாசிப்பயறு அரைத்த சின்ன தோசை, 7. நடுவில் நூறு கிராம் தயிர், 3. மதியம் கடலூரிலிருந்து வரும் மீன் இரண்டு சிறு துண்டு, 14. மாலையில் ஒரு பிடி கொண்டைக்கடலைச் சுண்டல், 6. இரவு ஐம்பது கிராம் பனீர், 9. ஒரு தம்ளர் பால், 7. மொத்தம் 52. குறைவதை ஒரு கரண்டி புரதமாவு நிரப்பும். அதில் 20 கிராம்போல் இருக்கும். மீனும் முட்டையும் தொடாத வீட்டில் சோயா, பயறு, பனீர், புரதமாவு ஆகியவற்றின் பங்கு கூட வேண்டும். முதல் சில வாரம் திரவம்தான் இறங்கும் என்பதால் அப்போது மாவுதான் துணை. சோற்றிலிருந்து தொடங்காமல் மீனிலிருந்தோ பயறிலிருந்தோ முதல் வாயை எடுக்க வேண்டும். கடைசியில் இடமிருந்தால் சோறு.

சத்து மாத்திரைகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். டீயோடு இரும்பு மாத்திரை போட்டால் உறிஞ்சப்படுவது மிகவும் குறையும். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் கூடும். இரும்பை அதிகம் உறிஞ்சும் இடம் சிறுகுடலின் தொடக்கம். பைபாஸ் வகை அறுவையில் உணவு அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஸ்லீவில் அந்தப் பாதை மாறுவதில்லை, ஆனால் அமிலம் குறைகிறது. ஆகவே மருத்துவர் எழுதும் சத்து மாத்திரை ஒரு மாதத்துக் கோர்ஸ் அல்ல, வாழ்நாள் மருந்து. தெம்பு வந்துவிட்டது என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள்.

அதிகமானாலும் கொட்டும்

முடி மாத்திரை என்று மருந்துக் கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலும் பயோட்டின் இருக்கும். நமக்கு நாளொன்றுக்கு வேண்டியது 30, 40 மைக்ரோகிராம். மாத்திரை ஒன்றில் 10 மில்லிகிராம்கூட இருக்கிறது. தேவையைப்போல் இருநூற்றைம்பது மடங்கும் அதற்கு மேலும். பயோட்டின் பற்றாக்குறை அபூர்வம். பற்றாக்குறை இல்லாதவருக்கு அது முடியைக் காப்பதாக நல்ல சான்று இல்லை. தொல்லை வேறிடத்தில் வருகிறது. பல ரத்தப் பரிசோதனைகளில் பயோட்டினையே ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். அதனால் தைராய்டு முடிவு தவறாக வரலாம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து தெரியலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல் இதைப் பற்றி எச்சரித்தது. பயோட்டின் சாப்பிடுபவர் ரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் முடியை உதிர்ப்பவை. மகாராஷ்டிரத்தின் புல்தானா மாவட்டத்தில் 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் சில கிராமங்களில் பலருக்குச் சில நாளில் தலை மொட்டையானது. ஆராய்ந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரேஷன் கோதுமையில் இருந்த அதிகச் செலினியத்தைக் காரணமாகச் சொன்னார். துத்தநாகத்தையும் இஷ்டத்துக்கு விழுங்கக்கூடாது. நாள்பட்டால் அது உடம்பின் தாமிரத்தைக் குறைத்து ரத்தசோகையையும் நரம்புக் கோளாறையும் கொண்டுவரும். மூன்று கடையில் மூன்று ‘ஹேர் விட்டமின்’ வாங்கிச் சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து என்பது இதனால்தான்.

தேதி பொருந்தாத உதிர்வு

மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவில் தொடங்கி, தலை முழுவதும் ஒரே சீராக மெலிந்து, அடுத்த நான்கைந்து மாதத்தில் தணிவது எதிர்பார்த்த உதிர்வு. ஒன்பதாம் மாதத்தில் புதிதாகத் தொடங்கினாலும், ஓராண்டு கடந்தும் நிற்காவிட்டாலும் அறுவையின் அதிர்ச்சியைக் காரணம் சொல்ல முடியாது; ஏதோ ஒரு சத்து இப்போதும் குறைந்துகொண்டிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம், துத்தநாகம், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் 30க்குக் கீழே போயிருக்கலாம். ரத்தம் குறைவதற்கு முன்பே கையிருப்பு தீர்ந்துவருகிறது என்று பொருள். பச்சரிசியை மென்றுகொண்டே இருக்கும் ஆசை, ஐஸ் கட்டி கடிக்கும் ஆசை, சாக்பீஸ் தின்னும் ஆசை ஆகியவை இரும்பு குறைந்தவர்களிடம் அடிக்கடி காண்பவை. வீட்டில் இதை விளையாட்டாகச் சொல்லிச் சிரிப்பார்கள். மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுவார்கள்.

வட்டவட்டமாக வழுக்கை விழுந்தால் அது புழுவெட்டு. வேறு நோய், வேறு மருத்துவம். அரிப்பு, செதில், சீழ் இருந்தாலும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். ஐந்தாறுக்கு மேல் கழன்று வந்தால் உதிர்வு நடந்துகொண்டிருக்கிறது.

முடியைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. அறுவைக்குப் பின் முதல் மாதங்களில் விடாமல் வாந்தி எடுப்பவருக்குப் பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் வந்தாலோ அது பி1 வைட்டமின் தீர்ந்துபோனதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் மூளைக்கு நிரந்தரச் சேதம் உண்டாகும்.

அந்த நான்கைந்து மாதம்

முடி திரும்பி வரும் என்று அறிவியல் சொல்வதும், இன்று மாலை கல்யாண வரவேற்புக்கு எப்படிப் போவது என்று கண்ணாடிமுன் நிற்பதும் வேறுவேறு. பூச்சரம் நிற்காத அளவுக்கு மெலிந்த பின்னலோடு வெளியே போகக் கூசுகிற பெண்ணிடம் ‘முடிதானே’ என்று சொல்வது இரக்கமற்ற பேச்சு. இந்தக் கூச்சத்தினாலேயே சிலர் மறுபரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அறுவையே தப்பு என்று மனம் வெறுத்துப்போகிறார்கள். குறைந்த சர்க்கரையும் வலியில்லாத முழங்காலும் அப்போது கண்ணில் படுவதில்லை.

தோள் அளவுக்கு வெட்டிக்கொள்வது நல்ல வழி. 30 சென்டிமீட்டர் கூந்தலோடு புது முடி சேர இரண்டரை ஆண்டு போதும். விழும் கொத்தும் பாதியாகத் தெரியும். வகிட்டை இடம் மாற்றி எடுத்தால் அகலம் மறையும். இறுக்கிப் பின்னுவதும் இழுத்துக் கொண்டை போடுவதும் வேண்டாம். கனமான சவுரி வைத்தால் மீதமுள்ள முடிக்குத்தான் பாரம். விசேஷ நாளில் சிறிது நேரம் இலேசான சவுரி வைத்துக்கொள்ளலாம். அகலப் பல் சீப்பு, ஈரத் தலையை உதறாமல் ஒற்றியெடுப்பது, வாரம் இரண்டு மூன்று முறை தயங்காமல் தலைக்குளியல் ஆகியவை போதும். முடி வளர்க்கும் மருந்தான மினாக்சிடில் பலருக்குத் தேவைப்படாது. பரம்பரையாக முடி மெலியும் குடும்பத்தில் அறுவை அதை வெளிக்காட்டிவிட்டால் மருத்துவர் எழுதிக்கொடுப்பார்.

அறுவைக்கு முன்பே

தேசியக் குடும்பநல ஐந்தாம் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதாவது, வடக்குத்திலிருந்து புதுச்சேரிக்கோ சென்னைக்கோ இந்த அறுவைக்குப் போகும் பெண்களில் பலர், உணவு சுருங்குவதற்கு முன்பே இரும்புக் கையிருப்பு இல்லாமல் போகிறார்கள். உடம்பு பெருத்திருப்பதால் சத்து நிறைந்திருக்கிறது என்று வீடும் நினைக்கிறது, சில சமயம் மருத்துவமனையும் நினைத்துவிடுகிறது. எடை மிகுந்தவர்களுக்கு இரும்பும் வைட்டமின் டியும் குறைந்திருப்பது சாதாரணம்.

ஆகவே அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் மாத்திரையாலோ சிரை வழியே ஏற்றும் இரும்பாலோ அதை உயர்த்திவிட்டு அறுவைக்குப் போகலாம். புரதமாவை இரண்டு வாரம் முன்பே குடித்துப் பழகி, எந்தச் சுவை குமட்டாமல் இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அறுவைக்குப் பின் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும், அதற்குப் பிறகு ஆண்டுக்கொரு முறையும் அதே ரத்தப் பரிசோதனைகள். குழந்தை வேண்டுமென்றிருப்பவர்கள் அறுவை முடிந்து ஒன்று, ஒன்றரை ஆண்டு பொறுப்பது நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். எடை வேகமாக இறங்கும் காலத்தில் கரு வளர்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சத்துப் போதாது. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் மாதம் வரும் உதிர்வையும் அப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.